பிரசவ அறைக் கதவுக்கு உள்ளே ஒரு கூட்டிருப்பு

“குழந்தையை எடுப்பது நீயா, டாக்டரா?”

பாலக்காட்டு எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறையில் உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு டூலாவிடம் (பிரசவத்தில் தாய்க்குத் துணை நிற்பதைத் தொழிலாகச் செய்பவர்) அந்த வீட்டுப் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி இது. மருமகளுக்கு அப்போது ஏழாம் மாதம். “நான் எடுக்க மாட்டேன் அம்மா. அதை டாக்டரும் நர்ஸும் பார்த்துக்கொள்வார்கள். வலி கண்டதிலிருந்து குழந்தை பிறந்து பால் குடிக்கும் வரை நான் கூடவே இருப்பேன்” என்றார் அவர். பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சற்று யோசித்தார். பிறகு அடுத்ததைக் கேட்டார்: “சும்மா கூட இருப்பதற்கா காசு?”

டூலாவைப் பற்றி நம்மிடையே உலவும் தவறான எண்ணங்களில் முக்கால்வாசி இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும். முதல் கேள்வி அவருக்கு இல்லாத வேலையை அவர் தலையில் ஏற்றுகிறது. இரண்டாவது கேள்வி, அவர் உண்மையில் செய்கிற வேலையை வேலையாகவே எண்ணுவதில்லை.

பெரியம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. பாலக்காட்டு எல்லையில் தமிழ் பேசி வாழும் எங்களுக்குப் பேறுகாலத்தைச் சுற்றி ஏற்கெனவே நிறைய ஆட்கள், நிறைய பெயர்கள். பிள்ளையைக் கையில் ஏந்தியவள் தமிழில் மருத்துவச்சி, மலையாளத்தில் வயற்றாட்டி.   பிறந்த பிறகு வீடு தேடி வந்து, தாய்க்கு எண்ணெய் தேய்த்து, இலைகள் போட்டுக் காய்ச்சிய வேது வெந்நீரில் குளிப்பாட்டி, குழந்தையைக் காலில் கிடத்தி நீவிவிடுகிறவர் வேறு ஒருவர். மருத்துவமனையில் துணி மாற்றி, துடைத்து, தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற ஆயா இன்னொருவர். இவர்கள் போதாதென்று கேரளத்து மருத்துவமனைக்குள் கால் வைத்ததுமே ‘பைஸ்டாண்டர் யார்?’ என்ற கேள்வி வரும். நோயாளிக்குத் துணையாக வந்தவருக்கு இங்கே அதுதான் பெயர். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடுவதும், பணம் கட்டுவதும், கதவுக்கு வெளியே பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்திருப்பதும் அவர் பாடு.

புதிதாக வந்த டூலாவை நாம் இந்த நாற்காலிகளில் ஏதாவது ஒன்றில் உட்காரவைத்துப் பார்க்கிறோம். வயற்றாட்டி என்று எண்ணுகிறவர்களுக்குப் பயம் வருகிறது. ஆயா என்று எண்ணுகிறவர்களுக்கு அவர் கேட்கும் கட்டணம் அநியாயமாகத் தெரிகிறது. குளிப்பாட்ட வருகிறவர் என்று எண்ணுகிறவர்கள் பிரசவ அறையில் அவருக்கு என்ன வேலை என்கிறார்கள். என்னைக் கேட்டால் பொருத்தமான சொல் மலையாளத்தில் இருக்கிறது: கூட்டிருப்பு. நோயாளியோடு கூட இருப்பது. அந்தக் கூட்டிருப்பைக் கதவுக்கு வெளியிலிருந்து உள்ளே கொண்டுபோனால் அதுதான் டூலாவின் வேலை.

டூலா என்பது கிரேக்கச் சொல். பணிப்பெண், அடிமைப்பெண் என்று பொருள். பிரசவித்த தாய்க்குத் துணை நின்று, பால் கொடுக்கப் பழக்கிவிடும் பெண்ணைக் குறிக்க அமெரிக்க மானுடவியலாளர் டானா ரஃபேல் 1970களில் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். பிறகு அது பிரசவ வலியின்போது கூட இருப்பவருக்கும் ஆகிவந்தது. கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று டூலா கைவிட்டுப் பார்ப்பதில்லை. குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுச் சொல்வதில்லை, ஊசி போடுவதில்லை, மருந்து கொடுப்பதில்லை, தொப்புள்கொடி வெட்டுவதில்லை. இவற்றில் ஒன்றைச் செய்தாலும் அவர் தன் வேலையைத் தாண்டிவிட்டார்.

அப்படியானால் என்னதான் செய்கிறார்? நான் டூலா இல்லை. ஆனால் அந்தத் திண்ணைச் சந்திப்பில் கற்றுக்கொண்டதை வைத்துச் சில மாதங்களுக்குப் பிறகு என் தம்பி மனைவிக்குத் துணையாகப் பிரசவ அறைக்குள் இருந்தேன். தாராபுரத்துப் பெண். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் வழக்கம். அவளுக்கு அம்மா இல்லை. அதனால் எங்கள் வீட்டிலிருந்தே மருத்துவமனைக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. வலி கண்டு உள்ளே போனதும் மலையாளி நர்ஸ் அவளிடம், “வெள்ளம் போயிட்டுண்டோ?” என்று கேட்டார். அவளுக்கு வெள்ளம் என்றால் அமராவதி ஆற்றில் வருவது. திருதிருவென்று என்னைப் பார்த்தாள். “பனிக்குடம் உடைந்து நீர் போனதா என்று கேட்கிறார்கள் கண்ணு” என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். வலியில் கிடக்கிற ஒருத்திக்கு அந்த ஒரு சொல் புரியாமல் போனால் அடுத்து வருகிற எல்லாச் சொற்களும் மிரட்டலாகவே கேட்கும். எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இது தெரியும்.

முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் முக்கோணமாக ஓர் எலும்பு இருக்கிறது. வலி ஏறத் தொடங்கும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியை அதன்மேல் வைத்து, உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்த வேண்டும். தடவினால் போதாது, அழுத்த வேண்டும். வலி உச்சிக்குப் போய் இறங்கும் வரை கையை எடுக்கக் கூடாது. “அண்ணி, அங்கேதான், எடுத்துவிடாதீர்கள்” என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. வலி இறங்கியதும் உதட்டை நனைக்க ஒரு மடக்குத் தண்ணீர். ஒன்றரை, இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க எழுப்பிக் கூட்டிப்போவது, ஏனென்றால் மூத்திரப்பை நிறைந்திருந்தால் குழந்தையின் தலை இறங்கச் சிரமம். நடக்க முடிகிறபோது நடக்கவைப்பது, முடியாதபோது ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கால்களுக்கிடையே தலையணை கொடுப்பது. நடுவில் அவள், “என்னால் முடியாது, ஆபரேஷன் செய்யச் சொல்லுங்கள்” என்று அழுதபோது, முடியும் என்று அறிவுரை சொல்லாமல், “இந்த ஒரு வலியை மட்டும் பார்ப்போம்” என்று சொல்வது. பதினோரு மணி நேரம். விடிந்தபோது என் மணிக்கட்டு வீங்கியிருந்தது. ‘சும்மா கூட இருப்பது’ அப்படிப்பட்ட வேலை.

அந்த அறையில் அன்று இரண்டு நர்ஸ்கள், ஐந்து கட்டில்கள். அவர்கள் நல்லவர்கள். ஆனால் ஒருத்தியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க அவர்களால் எப்படி முடியும்? ஒரு கட்டிலில் இரத்தப்போக்கு என்றால் மற்ற நான்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

பயத்திற்கும் பிரசவத்திற்கும் உடல் சார்ந்த தொடர்பு இருக்கிறது. கர்ப்பப்பையைச் சுருங்கவைப்பது ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு. பயந்த உடம்பில் அட்ரினலின் ஏறுகிறது. அது ஏறினால் சுருக்கங்கள் தளர்ந்து பிரசவம் இழுத்துக்கொண்டு போகலாம். இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து அவள் இன்னும் பயப்படுவாள். ‘இன்னும் திறக்கவே இல்லையாம்’ என்று வெளியே பெஞ்சில் முணுமுணுக்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் பிரசவத்தின் தீவிரக் கட்டம் தொடங்குகிறது. தலைப்பிரசவத்தில் அதிலிருந்து 12 மணி நேரம் வரை ஆகலாம். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆகவேண்டும் என்ற பழைய கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது என்றும் அது சொல்கிறது. தாயும் சேயும் நலமாக இருக்கும்வரை மெதுவாகப் போவது தவறில்லை. இதை அவளிடம் பத்து முறை நிதானமாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

கூட இருப்பதற்கு உண்மையிலேயே பலன் உண்டா என்று ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். முதல் தடயம் குவாத்தமாலாவில் கிடைத்தது. மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் அவர்களுடைய சகாக்களும் 1980இல் வெளியிட்ட சிறிய ஆய்வு அது. துணைக்கு ஒரு பெண் இருந்தவர்களுக்குப் பிரசவம் ஏறத்தாழ 9 மணி நேரத்தில் முடிந்தது. தனியாகக் கிடந்தவர்களுக்கு ஏறத்தாழ 19 மணி நேரம் ஆனது. சிறிய ஆய்வு என்பதால் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

என்னை உலுக்கியது அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்து 1991இல் வெளியான பெரிய ஆய்வு. தலைப்பிரசவப் பெண்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு டூலா. இன்னொரு பிரிவில் ஒரு பெண் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தாள், பேசவில்லை, தொடவில்லை. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். சிசேரியன் டூலா இருந்தவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கு, வழக்கமான கவனிப்பில் 18 பேருக்கு. பேசாமல் ஓரமாக ஒருத்தி உட்கார்ந்திருந்த பிரிவில்? 13 பேருக்கு. யாரோ ஒருத்தி அறையைவிட்டுப் போகாமல் இருந்தாள் என்பதற்கே அவ்வளவு கனம்.

பின்னால் 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் திரட்டி 2017இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. தொடர்ந்து துணை இருந்தபோது சிசேரியன் ஏறத்தாழ கால்பங்கு குறைந்திருந்தது, பிரசவ நேரம் சராசரியாக 40 நிமிடம் குறைந்திருந்தது, பிரசவத்தைக் கசப்பாக நினைவில் சுமப்பவர்களும் குறைவு. கெடுதல் எதுவும் தென்படவில்லை. சான்றுகள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை என்பதையும் அந்த ஆய்வே சொல்கிறது.

இந்த இடத்தில்தான் எதிர்த்திசையில் ஒரு தவறான எண்ணம் கிளம்புகிறது: டூலாவை வைத்துக்கொண்டால் சிசேரியன் வராது. இப்படி உறுதி கொடுத்துக் கட்டணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். நஞ்சுக்கொடி வழியை மறித்துக் கிடந்தால், தொப்புள்கொடி முன்னால் வந்து விழுந்துவிட்டால், குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டே போனால், யாருடைய உள்ளங்கையாலும் ஒன்றும் ஆகாது. அந்த நேரத்தில் வேண்டியது அறுவை அரங்கம். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 39 பிரசவங்கள் சிசேரியன், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45. தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 60ஐத் தாண்டுகிறது. இதில் தேவையற்றவையும் இருக்கின்றன என்பதே என் கருத்து. ஆனால் தன்னுடையது தேவையானதா இல்லையா என்று வலியில் கிடக்கும் பெண்ணோ அவள் கையைப் பிடித்திருப்பவளோ தீர்மானிக்க முடியாது. ஏன் என்று கேட்கலாம். எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று கேட்கலாம். கேட்டுப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவதற்கும், பயந்து போய்க் கையெழுத்துப் போடுவதற்கும் பின்னாளில் அந்தப் பெண்ணின் மனத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

சிசேரியன் ஆகிவிட்டால் டூலாவுக்கு வேலை இல்லை என்பதும் தவறு. தையல் வலியோடு ஒருக்களிக்க முடியாமல் கிடக்கும் தாயின் மார்பில் குழந்தையைப் பொருத்திப் பால் குடிக்கவைக்க அப்போதுதான் ஆள் அதிகம் தேவை. வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசியைக் கேட்ட பெண்ணிடம் முகம் சுளிக்கிற டூலாவும் தன் வேலையை அறியாதவர். வலி அவளுடையது, முடிவும் அவளுடையதுதான்.

வீட்டுப் பிரசவத்தோடு டூலாவை முடிச்சுப் போடுவது இன்னும் ஆபத்தான குழப்பம். 2018இல் திருப்பூரில் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஓர் இளம்பெண் இறந்தார். 2025 ஏப்ரலில் மலப்புறத்தில் வீட்டில் ஐந்தாவது குழந்தையைப் பெற்ற பெண் இறந்தார். இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் இயற்கைப் பிரசவம், டூலா, வயற்றாட்டி எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். டூலா மருத்துவமனைக்கு மாற்று இல்லை. இரத்தப்போக்கு, வலிப்பு, விடாத தலைவலியோடு பார்வை மங்குதல், பனிக்குட நீர் பச்சையாக வருதல், குழந்தையின் அசைவு குறைதல் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ‘வண்டியை எடுங்கள்’ என்று முதலில் சொல்ல வேண்டியவர் அவர்.

அந்தக் காலத்து வயற்றாட்டியைப் பற்றி உருகிப் பேசுகிறவர்கள் சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். கேரளத்தில் அதற்கு அத்தாணி என்று பெயர். அதே பெயரில் ஊர்களே இருக்கின்றன. தமிழ்நாட்டில் வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை நடுவது வழக்கமாக இருந்தது. அவள் இறக்கிவைக்க முடியாத சுமைக்காக வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை அதில் இறக்கிவைத்தார்கள். எத்தனை கற்கள்! உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு 2018–20இல் கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54 என்ற அளவுக்கு இறங்கியிருந்தது என்றால், அதற்குக் காரணங்களில் முதன்மையானது இரண்டு மாநிலங்களிலும் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடப்பதுதான். அந்த வெற்றியில் நாம் ஒன்றைத் தவறவிட்டோம். வயற்றாட்டி போனபோது கூடவே அவள் பிடித்திருந்த கையும் போய்விட்டது. பிரசவம் பத்திரமாயிற்று, பெற்றவள் தனியாகிவிட்டாள்.

நம் மரபுக்கு இந்தத் தனிமை தெரியாதது இல்லை. திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை அதுதானே. காவிரியில் வெள்ளம், அக்கரையில் தாய், இக்கரையில் வலியில் மகள். இறைவன் தாயின் உருவில் வந்து பக்கத்தில் நின்றான் என்கிறது தலபுராணம். 2020 ஊரடங்கில் தமிழ்நாடு–கேரள எல்லைச் சோதனைச்சாவடிகள் அடைபட்டபோது, அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் தாயும் இந்தப் பக்கம் பாலக்காட்டுச் சித்தூரில் மகளுமாக இருந்த குடும்பங்களுக்கு அந்தக் கதை புராணமாக இருந்திருக்காது.

டாக்டர்களிடமும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. வெளியாள் ஒருவர் வந்து தங்கள் வேலையில் தலையிடுவார், எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பார் என்று. முதல் முறை இன்னொரு உறவுப் பெண்ணோடு நான் போனபோது ஒரு மருத்துவமனையில் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ‘உள்ளே கூட்டம் சேர்க்க முடியாது’ என்றார்கள். ஐந்து மணி நேரம் அவள் குரலைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு: தொற்று, இட நெருக்கடி, பக்கத்துக் கட்டில் பெண்ணின் மறைவு. டாக்டருக்கும் தாய்க்கும் நடுவில் வக்கீல் மாதிரி வந்து நிற்கும் டூலாக்களும் இருக்கிறார்கள். அவர்களால் மற்றவர்களுக்கும் கதவு அடைபடுகிறது. அந்தப் பெண்ணுக்காகப் பேசுவது டூலாவின் வேலை இல்லை. அவளே பேசும்படி பார்த்துக்கொள்வதுதான் வேலை. ‘டாக்டர் சொன்னது புரிந்ததா? கேட்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?’ அவ்வளவுதான்.

கணவனின் இடத்தை அவர் பறித்துவிடுவார் என்ற பேச்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான மருத்துவமனைகளில் கணவனுக்கு அந்த இடம் கிடைப்பதே இல்லை. கிடைக்கிற இடங்களில், அவர் மயங்கி விழாமல் எங்கே நிற்பது, எதைப் பிடிப்பது என்று காட்டிக்கொடுக்கவும் டூலாதான் உதவுகிறார்.

பணக்காரர்களுக்கானது என்ற எண்ணம் பாதி உண்மை. கட்டணம் வாங்கும் டூலாக்கள் பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கிறார்கள். ஆனால் துணை என்பது விலைக்கு மட்டும் கிடைப்பது இல்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டம் 2004லேயே வந்துவிட்டது. நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கலாம் என்று மத்திய அரசு 2016இல் வழிகாட்டுதல் கொடுத்தது. அவர் தானும் பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை, கடைசி வரை இருக்கச் சம்மதம், ஊழியர்கள் வேலையில் குறுக்கிடக் கூடாது, அடுத்த கட்டில்காரிக்குப் பணிவிடை செய்யப் போகக் கூடாது. மறைவுக்கு வசதி இருந்தால் கணவனையும் விடலாம் என்றது அது. இவ்வளவும் ஏட்டில் இருக்கிறது, ஆனால் கேட்கிறவர்கள் குறைவு.

பணம் கொடுத்து டூலாவை ஏற்பாடு செய்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் டூலாக்களுக்கென்று அரசுப் பதிவோ மன்றமோ கிடையாது. நர்ஸுக்கும் பயிற்சி பெற்ற மகப்பேற்றுச் செவிலியருக்கும் சட்டமும் பதிவேடும் இருக்கின்றன. டூலா காட்டும் சான்றிதழ் தனியார் பயிற்சி நிறுவனம் கொடுத்தது. அதனால் அது வீண் என்று அர்த்தமில்லை. எத்தனை பிரசவங்களில் இருந்தீர்கள், எங்கள் மருத்துவமனை உங்களை உள்ளே விடுமா, டாக்டர் சிசேரியன் என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்று நேராகக் கேட்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு ‘அதற்கு விட மாட்டேன்’ என்று பதில் வந்தால் அவரைத் திருப்பி அனுப்பிவிடலாம். மருத்துவமனையிடம் கேட்பதையும் ஏழாம் மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும். வலி கண்ட இரவில் காவலாளியிடம் வாதாடிப் பயனில்லை.

அன்று திண்ணையில் பேச்சு முடிந்தபோது, கட்டணம் தங்கள் கைக்கு அடங்காது என்று பெரியம்மா சொல்லிவிட்டார். டூலா வருத்தப்படவில்லை. “அப்படியானால் உள்ளே நீங்களே போங்கள் அம்மா” என்றார். மருமகளைத் திண்ணை ஓரமாகத் திரும்பி உட்காரச் சொல்லி, பெரியம்மாவின் வலது கையை எடுத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியை அந்த முக்கோண எலும்பின்மேல் வைத்து, “இன்னும் கொஞ்சம் கீழே. இப்போது அழுத்துங்கள்” என்றார். பெரியம்மா அழுத்தினார். மருமகள் “ஆமாம் அத்தை, அங்கேதான்” என்றாள்.

பெரியம்மா கையை எடுக்கவில்லை. “இதுவா?” என்றார் மெதுவாக. “என் மூத்தவன் பிறந்தபோது எங்கள் சின்னத்தை விடியும்வரை இப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.”